பயன் கருதாத ஒரு தாள்

நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டும் ஓவியர் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய முக்கியமான படத்தைத் தொடங்கும் முன் ஒரு சிறிய தாளை எடுத்து நீரால் நன்கு நனைத்துக்கொள்வார்கள். மேலே வானத்துக்குச் சிறிது நீலம், நடுவில் தொலைமலைக்குச் சாம்பல் தோய்ந்த ஊதா, கீழே ஈரமண்ணுக்குக் கொஞ்சம் பழுப்பு, இவ்வளவுதான். பென்சிலால் முன்கூட்டியே கோடு இழுப்பதில்லை, அளவு பார்ப்பதுமில்லை. ஈரத்தில் விழுந்த வண்ணங்கள் ஒன்றோடொன்று கசிந்து கலந்து, மழைமேகமாகவோ ஏரிக்கரை மூடுபனியாகவோ தாமே ஓர் உருவுக்கு வருகின்றன. பத்துப் பதினைந்து நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதை 'வார்ம்-அப்' என்பர். பாடகர் மேடை ஏறும் முன் சுருதிப் பெட்டியோடு குரலை இழைத்துப் பார்ப்பது போன்றது இது. கையின் இறுக்கமும் மனத்தின் இறுக்கமும் சற்றே தளர வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுவது. அந்தத் தாள் பெரும்பாலும் குப்பைக்கூடைக்கோ, அலமாரியின் அடித்தட்டுக்கோ போய்ச் சேரும்.

இதில் ஒரு விந்தை உண்டு. பொருட்படுத்தாமல் தீட்டிய அந்தச் சிறு தாளில் இருக்கும் உயிர்த்துடிப்பு, மூன்று நாள் பாடுபட்டு முடித்த பெரிய படத்தில் பல வேளைகளில் இருப்பதில்லை. இதை ஓவியர்களே ஒருவருக்கொருவர் சற்று வருத்தத்தோடு சொல்லிக்கொள்வதுண்டு. கை அதேதான், வண்ணமும் அதேதான், தாளும் அதே ஆலையில் செய்ததுதான். பின் எது மாறியது? தூரிகை பிடித்தறியாதவருக்கும் இந்தக் கேள்வி உரியது. சமையலறையில், வகுப்பறையில், பூஜையறையில், 'இது நன்றாக அமைந்தே தீர வேண்டும்' என்று முனைந்து செய்தது பொலிவிழந்துபோவதையும், இயல்பாகச் செய்தது நிறைவாக அமைவதையும் காணாதவர் எவர்?

வீண்வேலை என்னும் குற்றச்சாட்டு

மறுப்பவரின் கட்சியை முதலில் முழுமையாகக் கேட்பது நம் தத்துவ மரபு. அந்த மறுப்பு வலுவானது. நல்ல பருத்தித் தாளுக்கு விலை உண்டு. காலைப் பொழுதுக்கோ விலையே கிடையாது. குடும்பத்தின் சுமையையும் பிறரின் துன்பத்தையும் கண்முன் வைத்துக்கொண்டு, எறியப்போகும் தாளில் மேகம் தீட்டிக்கொண்டிருப்பது எப்படித் தகும்? பயனை எண்ணாமல் மந்தபுத்தி உள்ளவன்கூட ஒரு செயலில் இறங்குவதில்லை என்பது மீமாம்சகரின் வாதம். பயனில்லாத செயல் என்பது அவர்கள் கணக்கில் செயலே ஆகாது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை எளியது. இந்தப் பதினைந்து நிமிடம் ஓய்வு; ஓய்வெடுத்த கை பின்னர் நன்றாக உழைக்கும்; ஆகவே இதிலும் பயன் உண்டு. அலுவலகக் கணக்குக்கு இந்த விடை போதும். ஆனால், கூர்ந்து பார்த்தால் இதில் ஒரு விரிசல் தெரிகிறது. தூக்கம் வருகிறதா, வருகிறதா என்று கவனித்துக்கொண்டே படுத்திருப்பவனுக்குத் தூக்கம் வருவதில்லை. அதுபோல 'இப்போது என் மனம் தளர்ந்துவிட்டதா? பெரிய படத்துக்கு நான் ஆயத்தமாகிவிட்டேனா?' என்று ஒரு கண் வைத்தபடி மேகம் தீட்டுபவருக்கு அந்தத் தளர்ச்சி கிட்டுவதில்லை. அது அடுத்த வேலையின் முதல் அரைமணி நேரமாக, அதே பதற்றத்தின் நீட்சியாக ஆகிவிடுகிறது. ஓய்வு கிடைப்பது உண்மை. ஆனால், அதை நோக்காத வரைதான் கிடைக்கிறது. ஆகவே பயனைச் சுட்டிக்காட்டிச் செயலை நியாயப்படுத்தும் விடை, அந்தச் செயலைச் செய்பவருக்கே உதவாத விடையாக நிற்கிறது.

கிரேக்கத் தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டில் செயல்களை இரு வகையாகப் பிரித்தார். வீடு கட்டுவது ஒருவகை: கட்டிக்கொண்டிருக்கும்போது வீடு இல்லை, வீடு முடிந்தபின் கட்டுதல் இல்லை. அதன் நிறைவு அதற்கு வெளியே இருக்கிறது. காண்பது இன்னொரு வகை: காணும் கணத்திலேயே கண்டும் ஆகிறது, அதற்கு மேல் வந்து சேர வேண்டிய முடிவு ஒன்றுமில்லை. எறியப்போகும் தாளில் வண்ணம் விடும் ஓவியர், வீடு கட்டும் வகையைச் சேர்ந்த ஒரு தொழிலை, காணும் வகையைச் சேர்ந்ததாகச் சற்று நேரம் மாற்றிக்கொள்கிறார் எனலாம். நீலம் ஈரத்தில் பரவுவதைப் பார்ப்பதிலேயே அந்தக் கணம் முழுமை பெற்றுவிடுகிறது.

நம் நாட்டில் இதே கேள்வி இன்னும் உயர்ந்த தளத்தில் எழுப்பப்பட்டது. எல்லாம் நிறைந்த பரம்பொருள் எந்தப் பயனைக் கருதி உலகைப் படைக்கிறது? பயனைக் கருதிப் படைத்தால் அது நிறைவுடையது ஆகாது. பயனே கருதாமல் படைத்தால் அது பித்தரின் செயல் போல் ஆகிவிடும். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இந்தத் தடையை எழுப்பி, லீலை என்னும் கருத்தால் விடை கூறுகிறது. அதற்கு உரை வகுத்த ஆதிசங்கரர் இரண்டு உவமைகளைத் தருகிறார். விரும்பியதெல்லாம் பெற்றுவிட்ட அரசன் விளையாடுவது ஒன்று. வேறு நோக்கம் எதுவுமின்றி இயல்பாகவே மூச்சு நடப்பது மற்றொன்று. இரண்டாவது உவமை கவனிக்கத்தக்கது. வீண் என்றும் பயன் என்றும் பிரிப்பதற்கு முந்தைய ஓர் இயக்கத்தை அது காட்டுகிறது.

இங்கே அவசரப்படலாகாது. குறைகள் நிறைந்த மனிதன், 'என் செயலும் லீலையே' என்று உரிமை கொண்டாடினால் அது சோம்பலுக்குப் போட்ட பட்டுப்போர்வையாக முடியும். மூச்சுக்கு இருக்கும் அந்த இயல்பு மனிதனின் கைக்கு இல்லை. கை ஆசையாலும் அச்சத்தாலும் இயங்கிப் பழகியது. ஆகவே, குறையுள்ள மனிதன் குறைவற்ற செயலின் சாயலை எந்த நிபந்தனையின்கீழ் அடைகிறான் என்று கேட்பதே பொருத்தம். அந்த நிபந்தனையைத் தத்துவ நூல்களைக் காட்டிலும் தெளிவாக நீரே கற்பிக்கிறது.

நீரின் நிபந்தனை

நீர்வண்ணம் என்பது, நுண்ணிய நிறமித் துகள்களை வேல மரப் பிசினோடு கலந்து செய்தது. நனைந்த தாளில் அதைத் தொட்டால், நீர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் துகள்கள் போகும். தாள் உலர்ந்துவரும் வேகத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நீர் தேங்கிப் பளபளக்கும்போது வண்ணம் விட்டால், அது உருவமின்றிக் கரைந்து ஓடிவிடும். தேக்கம் நீங்கி, தாள் பட்டுப்போல் மெல்ல மின்னும்போது விட்டால், விளிம்பு மென்மையாகப் பரவி மேகமாகும். மினுமினுப்பு அடங்கி, உள்ளே மட்டும் ஈரம் இருக்கும் வேளை மிக அபாயமானது. அப்போது நீர் மிகுந்த தூரிகையால் தொட்டால், புதிய நீர் பாதி உலர்ந்த நிறமியை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பல் பல்லாக ஒரு கரையை உண்டாக்கிவிடும். காலிஃப்ளவர் பூவைப் போல இருப்பதால் ஓவியர்கள் அதை அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். முழுதும் உலர்ந்தபின் தீட்டினால் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். இந்த நிலைகளுக்கு இடையே உள்ள நேரம் கோடையில் ஒரு மாதிரி, மழைக்காலத்தில் வேறு மாதிரி. காற்று வீசினால் மேலும் குறையும். கடிகாரத்தால் அளக்க இயலாது. தாளின் ஒளியைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் வண்ணத்தில் தவறினால் மேலே வேறொரு பூச்சால் மறைக்கலாம். நீர்வண்ணத்தின் வெண்மை தாளின் வெண்மையே. அதை ஒருமுறை மூடிவிட்டால் மீட்பது அரிது. திருத்தப் போகப் போக வண்ணங்கள் குழம்பிச் சேறாகும். உலர்ந்தபின் நிறமும் ஈரத்தில் கண்டதைவிட வெளிறிப்போகும். மொத்தத்தில், விரும்பியதை விரும்பியபடியே நிறைவேற்ற ஏற்ற ஊடகமன்று இது.

ஆகவே 'தளர்வாகத் தீட்டுதல்' என்ற சொல்லைக் கேட்டு அசட்டையாகத் தீட்டுவதாக எண்ணிக்கொள்பவர் ஏமாறுவார். அசட்டையாக விடப்பட்ட தாள் சில நிமிடங்களில் சேறாகிறது. இறுக்கிப் பிடிக்கப்பட்ட தாளோ உயிரற்றுப்போகிறது. தப்பிப்பது, கண் முழுதும் விழித்திருக்க, கை மட்டும் விட்டுக்கொடுக்கும் தாளே. பற்றின்மையைப் பற்றிப் பேசும்போது பலர் செய்யும் பிழையும் இதுவே: பற்றை விடுவதாக எண்ணிக் கவனத்தை விட்டுவிடுகிறார்கள். 'பலனைப் பற்றி எனக்குக் கவலையில்லை' என்று சொல்லிக்கொண்டு வேலையை அரைகுறையாகச் செய்பவர் பற்றற்றவர் ஆகமாட்டார். அவர் வேறொன்றின்மீது, பெரும்பாலும் தம் சௌகரியத்தின்மீது, பற்றுக்கொண்டவர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஓவிய ஆசிரியராக விளங்கிய அலெக்சாண்டர் கோசன்ஸ் இதைத் தம் வழியில் கண்டுகொண்டார். ஒரு மாணவருடன் இருந்தபோது, கறைபடிந்த ஒரு தாளில் தற்செயலாக வரையப் புகுந்தவர், அந்தக் கறைகளே தம் கையை ஒரு நிலக்காட்சியை நோக்கி இட்டுச்சென்றதை உணர்ந்தார். அதையே ஒரு முறையாக வகுத்து, 1785-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு நூலாகவும் வெளியிட்டார். தூரிகையில் மையைத் தோய்த்துத் தாளில் விரைந்து திட்டுத்திட்டாக இடுவது. தாளை முன்கூட்டிக் கசக்கியும் வைத்துக்கொள்ளலாம். பின்னர் அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, தெரியும் வடிவங்களிலிருந்து மலையையும் மரத்தையும் தேர்ந்து வரைவது. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால், அவர் அதைக் குருட்டுத் தற்செயல் என்று சொல்லவில்லை. வரையப்போகும் காட்சியைப் பற்றிய பொதுவான ஓர் எண்ணம் மனத்தில் இருக்க வேண்டும் என்றார். தற்செயல் பெரும்பங்கு வகிக்க, திட்டம் சிறுபங்கு வகிக்க வேண்டும் என்பது அவர் அளித்த விளக்கம். மனித முயற்சிக்கும் முயற்சிக்கு அப்பாற்பட்டதற்கும் உள்ள விகிதத்தை ஓர் ஓவிய ஆசிரியர் இவ்வளவு அடக்கமாக வரையறுத்தது வியப்புக்குரியது.

டர்னர் காட்டாத தாள்கள்

ஜோசஃப் மால்லர்ட் வில்லியம் டர்னர் (1775-1851) புகழின் உச்சியைத் தம் வாழ்நாளிலேயே கண்டவர். 1818-இல் யார்க்‌ஷயரில், ஃபார்ன்லி ஹால் என்னும் மாளிகையில் ஒரு நண்பரின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, போர்க்கப்பல் எவ்வளவு பெரிது என்பதை உணர்த்தும் ஒரு படம் வேண்டும் என்று கேட்கப்பட்டது. காலை உணவுக்குப்பின் அமர்ந்தார். நனையும்வரை தாளில் வண்ணத்தை ஊற்றினார். பின் கிழித்தார், சுரண்டினார், தேய்த்தார். பார்த்துக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைக்கு எல்லாம் ஒரே குழப்பமாகத் தோன்றியது. மெல்ல மெல்ல அந்தக் குழப்பத்திலிருந்து கப்பல் எழுந்தது. மதிய உணவுக்குள் படம் முடிந்துவிட்டது. நுணுக்கமான கயிறுகளோடும் பாய்மரங்களோடும் கூடிய அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதைவிடச் சிந்திக்கத்தக்கது, அவர் எவருக்கும் காட்டாத தாள்களின் கதை. டர்னர் இறந்தபின் நீண்ட வழக்கு நடந்தது. 1856-இல் வந்த தீர்ப்பின்படி, அவருடைய ஓவியக்கூடத்தில் எஞ்சியிருந்தவை அனைத்தும் பிரிட்டனின் தேசிய உடைமை ஆயின. ஏறத்தாழ முந்நூறு எண்ணெய் ஓவியங்கள். கோட்டோவியங்களும் நீர்வண்ணங்களும் சுமார் 30,000. அவற்றிடையே நூற்றுக்கணக்கான தாள்கள் விசித்திரமாக இருந்தன. ஒரு மஞ்சள் பட்டை, அதன்கீழ் ஒரு நீலப் பட்டை, இடையே சிறிது செம்மை. மனிதரில்லை, மரமில்லை, பெயருமில்லை. 1909-இல் முழுத் தொகுப்புக்கும் பட்டியல் தயாரித்த ஏ.ஜே. ஃபின்பெர்க் அவற்றுக்கு 'வண்ணத் தொடக்கங்கள்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். சில, பின்னர் வந்த படங்களுக்கான முதல் பூச்சு என்று அடையாளம் காணப்பட்டுள்ளன. வேறு பலவற்றுக்குப் பின்தொடர்ந்த படம் எதுவும் தெரியவில்லை. காலைச் சுருதி போல, தொடங்கி அங்கேயே நிறைவுற்றவை என்றே அவற்றைக் கொள்ளத் தோன்றுகிறது.

இன்று லண்டனின் டேட் காலரியில் அவற்றின்முன் நின்று வியப்பவர் ஏராளம். அவர் உழைத்து முடித்துக் காட்சிக்கு வைத்த பெரிய வரலாற்று ஓவியங்களைவிட, காட்டாமல் வைத்த இந்தத் தாள்களையே இருபதாம் நூற்றாண்டின் ரசிகர் பலர் மேலாகப் போற்றினர். இதைச் சொல்லி, 'பார்த்தீர்களா, பயன் கருதாமல் செய்தால் ஒருநாள் பெரும் பயன் வரும்' என்று முடித்துவிடுவது எளிது; அப்படி முடிக்கும் கட்டுரைகளுக்கும் பஞ்சமில்லை. அது பின்வாசல் வழியாகப் பலனை மீண்டும் உள்ளே அழைத்துவருவதாகும். நூறாண்டு கழித்து வரப்போகும் பாராட்டை எதிர்பார்த்து இன்று பற்றின்றித் தீட்டுவது, வட்டியை நீண்டகாலம் கழித்து வாங்கும் வைப்புநிதி. டர்னரின் தாள்கள் புகழடையாமல் கறையான் அரித்துப் போயிருந்தாலும், அவற்றைத் தீட்டிய காலைப் பொழுதுகளில் எதுவும் குறைந்திருக்காது.

பார்ப்பவர் எவரும் இல்லை என்ற உறுதிதான் அந்தத் தாளுக்குச் சுதந்திரம் அளிக்கிறது என்று தோன்றலாம். இன்று தம் கைப்பழக்கத் தாள்களையும் செல்பேசியில் படம்பிடித்து உலகுக்குக் காட்டுவோர் உண்டு. காட்டுவதில் குற்றமில்லை, ஆனால், காட்டப்போகிறோம் என்ற நினைவு தாள் நனையும் முன்பே வந்து அமர்ந்துவிட்டால் அது கைப்பழக்கமாக நிற்பதில்லை. சபை இல்லாத இடத்தில் மனம் தானே ஒரு சபையைக் கூட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்கலாகாது. பூட்டிய அறையில் தனியே தீட்டுபவரும் 'நான் இன்று நன்றாகத் தீட்டுகிறேன்' என்று தமக்குத்தாமே கைதட்டிக்கொள்ள முடியும். ஆகவே தனிமை வாய்ப்பாக அமையலாமே தவிர, விடுதலையை உறுதி செய்யாது.

மங்கலும் ஒரு பற்று

நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா ககுஸோவின் ஏற்பாட்டில் யோகொயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ என்னும் இரு இளம் ஓவியர்கள் 1903-இல் கொல்கத்தா வந்தனர். அவர்கள் தம் நாட்டில் அழுத்தமான கோட்டைக் கைவிட்டு, காற்றையும் ஈரத்தையும் தீட்ட முயன்றவர்கள். அதற்காக விமரிசகர்கள் அவர்களுடைய பாணியை 'மோரோதாய்', அதாவது மங்கலான பாணி, என்று பரிகசித்தனர். அந்தப் பரிகாசமே பின்னர் அதன் பெயராக நிலைத்தது. ஜோராசாங்கோ தாகூர் இல்லத்தில், தைகான் தம் படத்தின்மேல் அகன்ற தூரிகையால் நீர் தடவுவதை அவனீந்திரநாத் தாகூர் கூர்ந்து கவனித்தார். அவர் ஒருபடி மேலே போய், தீட்டிய படத்தையே நீரில் அமிழ்த்தி எடுத்தார். தாளின் இழைகளுக்குள் ஊறிய நிறம் தங்கியது; மேலே படிந்த மிகை நிறம் நீரோடு போயிற்று. மீண்டும் தீட்டி, மீண்டும் அமிழ்த்தினார். அந்தி வெளிச்சம் போன்ற ஒரு மென்மை படத்துக்கு வந்தது. வங்காள ஓவிய மரபின் 'வாஷ்' முறை இவ்வாறு பிறந்தது.

தீட்டியதைத் தீட்டிய கையாலேயே நீருக்குள் அமிழ்த்துவதற்கு ஒரு துணிவு வேண்டும். எது போகும், எது நிற்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. அந்தத் துணிவிலிருந்துதான் முதல் படங்களின் அழகு வந்தது. பிறகு நடந்தது வருந்தத்தக்கது. அமிழ்த்தினால் அழகு வரும் என்று தெரிந்துபோன பிறகு, பின்பற்றியவர் பலர் கைகளில் அது ஒரு சூத்திரமாயிற்று. மங்கலாக இருப்பதெல்லாம் ஆழமானது என்ற மயக்கம் தோன்றிற்று. நனைந்த சோகமும் தெளிவற்ற வெளியும் படத்துக்குப் படம் திரும்ப வந்தன. அவனீந்திரரின் தலைசிறந்த சீடரான நந்தலால் போஸ் சாந்திநிகேதனின் கலாபவனத்தை வழிநடத்திய ஆண்டுகளில், மாணவர்களைக் கண்முன் நிற்கும் மரத்தையும் மாட்டையும் சந்தால் கிராமத்தையும் நேரில் கண்டு வரையச் சொன்னார். தாமும் டெம்பரா போன்ற வேறு முறைகளை நாடினார்.

தளர்வும் ஒரு பாணியாக உறையக்கூடும் என்பதே இதில் உள்ள எச்சரிக்கை. துறவுக்கும் இது பொருந்தும், எளிமைக்கும் பொருந்தும். விட்டுவிட்டவன் என்ற தோற்றத்தை விடமுடியாமல் தவிப்பவர் எத்தனை பேர்! ஓவியருக்கு இதன் அறிகுறி தெளிவானது: இன்றைய கைப்பழக்கத் தாள் நேற்றையதைப் போலவே அழகாக இருக்கத் தொடங்கினால், அவர் நீரைப் பார்க்காமல் தம் நினைவைப் பார்த்துத் தீட்டுகிறார் என்று பொருள்.

செய்தவர் யார்?

'சரி, ஓவியருக்கு இது ஒத்துவரலாம். அறுவை செய்யும் மருத்துவரும், தீர்ப்பெழுதும் நீதிபதியும், குழந்தைக்கு மருந்து புகட்டும் தாயும் பலனைக் கருதாமல் இருக்கலாமா?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நோயாளி பிழைக்க வேண்டும் என்ற கருத்தில்லாத மருத்துவரிடம் எவரும் போகமாட்டார்கள். ஆனால், கைப்பழக்கத் தாளில் ஓவியர் எதை விட்டார் என்று மீண்டும் பார்க்க வேண்டும். மேகம் மேகமாக வர வேண்டும் என்ற அக்கறையை அவர் விடவில்லை. அதை விட்டிருந்தால் தாள் சேறாகியிருக்கும். அவர் விட்டது, 'இந்தப் படம் என்னை யாராக ஆக்கும்?' என்ற ஒரு கேள்வியை மட்டுமே. பெரிய படத்தின்முன் உட்காரும்போது அந்தக் கேள்வி திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. நோயாளியின் உயிரைப் பற்றிய அக்கறை மருத்துவரின் கையை நடுங்கவைப்பதில்லை. 'தவறினால் என் பெயர் என்னாகும்?' என்ற எண்ணம் நடுங்கவைக்கிறது. தன் குழந்தைக்கே அறுவை செய்ய நேர்ந்தால் கைதேர்ந்த மருத்துவரும் தயங்கி வேறொருவரை அழைப்பார். அன்பு மிகுந்ததனால் திறமை குறைந்துவிடவில்லை. அன்போடு ஒட்டிக்கொண்ட 'எனது' நடுவில் நிற்கிறது.

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைக் கூறுகிறது: அதிஷ்டானம் என்னும் இருப்பிடம், கர்த்தா, பலவகைக் கரணங்கள், அவற்றின் வெவ்வேறு இயக்கங்கள், ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வளவும் இருக்கத் தன்னை மட்டுமே செய்பவனாகக் காண்பவன் சரியாகக் காண்பவன் அல்லன் என்பது அதன் கருத்து. தத்துவ வகுப்பில் இது ஓர் அட்டவணையாகத் தோன்றும். நனைந்த தாளின்முன் இது கண்கூடு. தாளின் ஊறும் தன்மை, தூரிகையின் மயிர், நீர், காற்றின் ஈரப்பதம், நிறமித் துகளின் எடை, கையின் பழக்கம், இவற்றோடு எவரும் கணக்கிட முடியாத ஏதோ ஒன்று. மேகத்தைத் தீட்டியவர் யார் என்று கேட்டால் ஓவியர் நேர்மையாக 'நானும் இருந்தேன்' என்றுதான் சொல்ல முடியும்.

இதைப் பொறுப்பிலிருந்து நழுவும் வழியாக்கிக்கொள்வோரும் உண்டு. நன்றாக அமைந்தால் தம் திறமை. கெட்டுப்போனால் நீரின் குற்றம், மழைக்காலத்தின் குற்றம். ஐந்தில் ஒன்றாக இருப்பது பங்கே இல்லாமல் இருப்பதாகாது. தாளின் மினுமினுப்பு அடங்கிய வேளையில் நீர் சொட்டும் தூரிகையோடு புகுந்தது நீரின் செயலன்று. மற்ற நான்கையும் மதிக்கத் தெரிந்தவருக்கே தம் பங்கு எது என்பதும் தெளிவாகத் தெரியும். அவர் கற்க வேண்டியது குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது. ஜப்பானியத் துறவி ஓவியர் செஷ்ஷு, மை சிதறி உருவான சிறு நிலக்காட்சி ஒன்றைத் தம் எழுபத்தாறாம் வயதில், 1495-இல், சீடர் ஒருவருக்காகத் தீட்டினார். சில நொடிகளில் விழுந்தவைபோல் தோன்றும் அந்தத் திட்டுகளுக்குப் பின்னால் ஒரு முழு வாழ்நாளின் கட்டுப்பாடு இருக்கிறது.

எஞ்சியிருப்பது ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல். கைப்பழக்கத் தாள் ஒன்று நடுவழியில் திடீரென அழகாகிவிடுகிறது. 'இதைக் கெடுத்துவிடக் கூடாது' என்ற எண்ணம் எழுகிறது. எழுந்த அந்தக் கணமே விரல்கள் தூரிகையை இறுகப் பற்றுகின்றன. அனுபவமுள்ளவர் அப்போது தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். அனுபவமில்லாதவர் இன்னும் ஒரு மரம், இன்னும் ஒரு பறவை என்று சேர்க்கப் போவார். சரி, வைத்தாயிற்று. அந்தத் தாளை என்ன செய்வது? கிழித்தெறிவதில் ஒரு வீம்பு இருக்கிறது. சட்டமிட்டு மாட்டுவதில் மறுநாள் தாளுக்குக் கேடு இருக்கிறது. அதைப் போலவே இன்னொன்று வேண்டும் என்று மனம் கேட்கத் தொடங்கும். டர்னர் அடுக்கி வைத்தார்.

நந்தலால் போஸின் வழி வேறு. அன்றாடம் கண்ணில் பட்ட மலைச்சரிவையும் பனைமரத்தையும் வயல்வழி நடப்போரையும் சிறு அட்டைகளில் விரைந்து தீட்டிவிடுவது அவர் வழக்கம். அவற்றில் பலவற்றின் பின்புறத்தில் இரண்டு வரி எழுதி, முகவரியிட்டு, நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் தபாலில் அனுப்பிவிடுவார். சட்டமோ உறையோ இல்லாமல், வழியில் தபால்காரர் உட்பட எவரும் பார்க்கலாம் என்ற நிலையில், தீட்டியவரின் மேசையை விட்டு அந்த அட்டை அடுத்த தபாலிலேயே போய்விடும்.